தீப்பெட்டியில் 216 எழுத்து: வகுப்பறையில் ஆறு மாதம்

மே கடைசி வாரம்

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது சாவியை வாங்கிப்போய் வகுப்பறையைத் திறந்தேன். ஒன்று முதல் மூன்று வரை எல்லோருக்கும் அந்த ஒரே அறைதான். 23 பிள்ளைகள். போன வருஷம் ஒட்டிய சார்ட்டுகளில் பாதி கிழிந்து தொங்கின. மைதாப் பசையில் ஒட்டியதால் கரப்பான் ஓரத்தையெல்லாம் அரித்துவிட்டது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மைதாவில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். விரலை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. இந்த வருஷம் மைதாவே வேண்டாம், பெவிகால் மட்டும் என்று அன்றே முடிவு.

அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உட்காருகிற இடத்தில். சார்ட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. கண்ணுக்கு நேராக வெறும் சுவர். இத்தனை வருஷமும் நான் என் உயரத்துக்குத்தான் வகுப்பறையை அலங்கரித்திருக்கிறேன் என்பது மனதைத் தைத்தது.

பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு. மறுநாள் அவளைக் கூட்டிப்போய், எக்காமல் எம்பாமல் சுவரைத் தொடச் சொன்னேன். தரையிலிருந்து 120 செ.மீ. அந்த அளவில் அறையைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டேன். பிள்ளைகள் எடுத்துப் புழங்க வேண்டிய எதுவும் அந்தக் கோட்டுக்கு மேலே போகக் கூடாது.

ஜூன்

கோட்டுக்குக் கீழே வெள்ளையடித்த சுவரைத் துடைத்தால் அடியில் கறுப்பாகத் தெரிந்தது. செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கிற முறை) வந்த காலத்தில் பிள்ளைகளுக்கென்று தரையோரமாகப் போட்ட கீழ்மட்டக் கரும்பலகை! உப்புத்தாளால் தேய்த்து, கரும்பலகைப் பெயின்ட் இரண்டு கோட்டிங் அடித்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றரை அடி இடம் பிரித்துப் பெயர் எழுதிக் கொடுத்தாயிற்று. மேலே கம்பிப் பந்தலும் அந்தக் காலத்ததுதான். துருவேறிய கம்பியைக் கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டினேன். பிள்ளைகள் வரைந்ததைக் கிளிப் போட்டுத் தொங்கவிட நூலை நீளமாக விட்டேன், படம் அவர்கள் முகத்துக்கு நேராக வந்து ஆடுகிற அளவுக்கு.

வருகைப் பலகைக்குப் பழைய பிளக்ஸ். பின்பக்க வெள்ளையில் போஸ்டர் கலர் உரிந்து வந்துவிடும், பெர்மனன்ட் மார்க்கர்தான் நிற்கும். துணி டேப்பால் 23 பை ஒட்டி, ஐஸ் குச்சியில் பெயர் எழுதிவைத்தேன். காலையில் வந்ததும் அவரவர் குச்சியை எடுத்து அவரவர் பையில் போட வேண்டும். இதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, அரை நாள் வேலை.

ஜூலை

இந்த வருஷம் நான் மனசார உழைத்தது தீப்பெட்டி அலமாரிக்குத்தான். எங்களுடையது கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, மருந்து பூசாத கழிவுப் பெட்டிகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். (வீட்டில் தீர்ந்த பெட்டிகளை எடுப்பதானால் உரசுகிற பட்டை மேல் காகிதம் ஒட்டி மூடிவிடுங்கள்.)

உயிர் 12, மெய் 18. குறுக்கே 12 பெட்டி, மேலே 18 வரிசை என்று அடுக்கினால் 216 உயிர்மெய்க்கும் ஆளுக்கொரு டிராயர். என் பெட்டி 3.5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம். முழு அலமாரியும் 42க்கு 27 செ.மீ.தான் வந்தது. நோட்டு அட்டை இரண்டை விரித்துவைத்த அளவு.

முதல் தடவை கெட்டுப்போனது. பசையைத் தாராளமாகத் தடவி ஒரே மூச்சில் எட்டு வரிசை ஏற்றினேன். பசை விளிம்பு வழியே உள்ளே இறங்கி, முப்பதுக்கு மேற்பட்ட டிராயர்கள் ஒட்டிக்கொண்டு வரவேயில்லை. இழுத்தால் கிழிகிறது. டிராயரை உருவிவிட்டு வெறும் கூட்டை ஒட்டினாலோ, மேலே எடை வைத்ததும் கூடு நசுங்குகிறது.

கடைசியில் சரியாக வந்த முறை இது. டிராயர் உள்ளேயே இருக்கட்டும். பசையைப் பிரஷ்ஷால் நடுவில் மட்டும் மெல்லத் தடவி, திறக்கிற இரண்டு பக்கமும் அரை விரல்கடை இடம் விட வேண்டும். 12 பெட்டியை ஒரு ஸ்கேலை அணைத்து வரிசையாக ஒட்டி, பேப்பர் சுற்றிய செங்கல்லை வைத்து இரவு விட்டுவிடுவது. மறுநாள் எல்லா டிராயரையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வரிசையை மேலே ஏற்றுவது. ஒரு நாளைக்கு ஒரு வரிசை, 18 நாள். அவசரப்பட்டால் காரியம் கெடும்.

முகப்பில் எழுத்து எழுதியது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். இழுக்க, நூல் முடிச்சு. சொல் கிடைத்த ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்த எழுத்து வருகிற சொற்கள், சின்னச் சீட்டாக. ழ, ள, ண வரிசையில் சொல் தொடங்காது, அதனால் 'பழம்', 'வாழை' என்று நடுவில் வருகிற சொற்கள். 'வௌ' பெட்டியைத் திறந்தால் வௌவால், 'மௌ'வில் மௌனம். 'ஞெ' பெட்டிக்கு ஞெகிழி கிடைத்தது. அன்று முழுக்க பிளாஸ்டிக் டப்பாவைக் கண்டால் "ஞெகிழி, ஞெகிழி" என்று ஒரே கத்தல்.

ரொம்பவும் மாட்டிக்கொண்டது ங வரிசையில். முதல் பெட்டிக்கு 'அங்ஙனம்', 'இங்ஙனம்' என்று எழுதிவைத்தேன். மற்ற பதினொன்றும் காலி.

"டீச்சர், இதுல ஒண்ணுமே இல்ல" என்றான் ஒன்றாம் வகுப்புப் பையன்.

"அந்த எழுத்துக்கு வார்த்தை இல்லய்யா."

"அப்புறம் எதுக்குப் பெட்டி?"

வரிசை நிறைய வேண்டுமே என்று சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நியாயமான கேள்விதான்.

ஆகஸ்ட், செப்டம்பர்

பென்சில் போட்டுவைக்கக் காகிதக் கூழ்க் கிண்ணம். என் பாட்டி இப்படித்தான் கொட்டான் செய்வார், முறத்தின் ஓட்டையை மெழுகுவதும் இந்தக் கூழில்தான். பழைய தாள் ஒரு கிலோவைக் கிழித்து மூன்று நாள் ஊறப்போட்டேன், தினமும் தண்ணீர் மாற்றி. வெந்தயம் 50 கிராம் தனியாக ஒரு ராத்திரி ஊறியது. இரண்டையும் சேர்த்துக் கிரைண்டரில் அரைத்தால் வெண்ணெய் மாதிரி திரண்டுவரும். தம்ளரைக் கவிழ்த்து, ஈரத்துணி சுற்றி, அதன்மேல் விரல் கனத்துக்கு அப்பினார்கள் பிள்ளைகள். அந்த வெந்தய வாசம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. சத்துணவு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், இங்கயே சமையலா?" என்றார்.

ஆகஸ்ட் வெயிலில் காயவைத்த 14 கிண்ணமும் கல்லு மாதிரி நிற்கின்றன. செப்டம்பர் கடைசியில் செய்த ஆறும் மூன்று நாள் மூட்டத்தில் மாட்டிப் பூஞ்சை பூத்து, தூக்கிப்போட வேண்டியதாயிற்று. தொடர்ந்து நாலு நாள் வெயில் உறுதியில்லை என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

நவம்பர்

அடைமழை. சன்னல் ஓரத்தில் தீப்பெட்டி அலமாரியின் அட்டை நமுத்து, கீழ் வரிசை டிராயர்கள் இறுகின. இடத்தை மாற்றி உள்சுவரில், கோட்டுக்குக் கீழே, மரப்பலகை மேல் வைத்தேன். அடுத்த தடவை ஒட்டி முடித்ததும் வெளிப்பக்கம் வார்னிஷ் அடித்துவிட வேண்டும்.

இடம் மாற்றும்போதுதான் ங வரிசையில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் 'ஙி'யில் இரண்டு புளியங்கொட்டை. 'ஙூ'வில் உடைந்த வளையல் துண்டு. 'ஙௌ'வில் தாளில் மடித்த ஒரு பால் பல்.

அந்த ஒன்றாம் வகுப்புப் பையன் பக்கத்தில் வந்து நின்றான். "என் பல்லு டீச்சர்."

"கூரையில போடலையாய்யா?"

"எங்களது தட்டுவீடு, கூரை கிடையாது. அதான் இங்க வச்சேன்."

தாளை மறுபடி மடித்து உள்ளே வைத்து மூடினேன். பக்கத்துப் பல்லும் ஆடுகிறதாம், நாக்கால் தள்ளிக் காட்டினான்.