மனக்கணக்குப் போடும்போது கைக்கு என்ன ஆகிறது?

தசைச் சோர்வு பற்றிய ஆய்வு ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போய்வந்தேன். போக யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் முன்கைத் தோலை ஸ்பிரிட்டால் துடைத்து எலெக்ட்ரோடுகளை ஒட்டினார்கள். தசையின் மின்சமிக்ஞையைத் தோலின் மேலிருந்தே பிடித்துவிடுகிறார்கள், ஊசி எதுவும் கிடையாது. அப்புறம் ஒரு பிடியைக் கொடுத்து முழு பலத்தோடு அழுத்தச் சொன்னார்கள். அந்த பலத்தில் 20 சதவீதத்தைத்தான் விடாமல் பிடித்திருக்க வேண்டும். திரையில் இலக்குக் கோடு ஒன்று. என் கையின் விசை இன்னொரு கோடு. இரண்டும் ஒட்டியே போக வேண்டும். 20 சதவீதம் என்றால் சுலபமாகத் தெரியும். கொஞ்ச நேரத்திலேயே முன்கை இறுகி எரியத் தொடங்கிவிடுகிறது. ஆனாலும் மனக்கணக்கு இல்லாமல் பிடியை மட்டும் அழுத்திய நாளில் என் கோடு பெரும்பாலும் அடங்கியே ஓடியது.

கணக்கு சேர்ந்த நாள்தான் சோதனை. நான்கு இலக்க எண் ஒன்றிலிருந்து 13, 13 ஆகக் கழித்து, விடையை உரக்கச் சொல்ல வேண்டும். தப்பினால் முதலிலிருந்து. 1,022, 1,009... அடுத்து 996 என்று ஆயிரத்துக்குக் கீழே இறங்க வேண்டிய இடத்தில் என் கோடு மேலே எகிறியது. கையை இறுக்குகிறோம் என்ற உணர்வே எனக்கு இல்லை. விடை வாயில் வந்ததும் கோடு இலக்குக்குக் கீழே சரிந்தது. இழுத்து நிறுத்துவதற்குள் அடுத்த கழித்தல். தோள் ஏறியிருந்தது, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். முயற்சி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை அவ்வப்போது கேட்பார்கள். அன்று என் எண் மளமளவென்று ஏறியது, கையும் சீக்கிரமே விட்டுக்கொடுத்தது.

ஆய்வாளர் காரணம் சொன்னார். கணக்கும் கையும் ஒரே கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பதற்றத்தில் அட்ரினலின் கூடினால் கை நடுக்கமும் கூடும். இது புதிய செய்தியும் அல்ல. பாடமும் தேர்வும் நடத்திக் களைத்த பேராசிரியர்களின் விரல் பலம் குறைவதை இத்தாலிய உடலியலாளர் ஏஞ்சலோ மோசோ 19-ம் நூற்றாண்டிலேயே கருவி வைத்து அளந்திருக்கிறார். சாமுவேல் மார்கோரா குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 90 நிமிடம் மூளையைக் களைக்கவைத்த பிறகு சைக்கிள் மிதித்தவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறுத்தினார்கள். இதயத்தின் செயல்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே வேலை கூடுதல் சிரமமாகத் தெரிந்ததுதான் வித்தியாசம்.

போகிறவர்கள் முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். காபி குடிக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் விலக உங்களுக்கு உரிமை உண்டு.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 1997-ல் வெளிவந்த ஒரு ஆய்வு. நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் கீழே விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அதில் தெரியவந்தது. அம்மாவோடு படி இறங்கும்போது இப்போதெல்லாம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை. கேட்க வேண்டியதைக் கீழே வந்து கேட்கிறேன்.