பிறர் நிலத்தில் ஒரு பாதை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கு மாணவர்கள் 40 மணிநேரம் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். 1999இலிருந்து இந்த விதி நடைமுறையில் உள்ளது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வளரும் நம்மவர் பிள்ளைகளில் பலர் கோயில் மடப்பள்ளியில் உதவியோ, தமிழ் விழாக்களில் கதிரை அடுக்கியோ, நூலகத்தில் புத்தகம் ஒழுங்குபடுத்தியோ அந்த மணிநேரங்களை நிரப்பிவிடுவார்கள். என் மகன், தன் ஆசிரியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, காட்டுப்பாதைகளைத் திருத்தும் தன்னார்வலர்களோடு போகப்போவதாகச் சொன்னான். வயது குறைந்தவர்களோடு பெற்றோரில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்று அந்தக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். காரோட்டியாகப் போன நான், சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். அவன் படித்து முடித்து வேறு நகரத்துக்குப் போய்விட்டான்; நான் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேன்.

நான் போவது புரூஸ் ட்ரெயில் எனப்படும் நெடும் நடைபாதைக்கு. நயாகரா ஆற்றங்கரையிலுள்ள குயின்ஸ்ரனில் தொடங்கி, ஹியூரன் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் குடாநாட்டின் முனையான டொபமோரி வரை, நயாகரா செங்குத்துச் சரிவின் விளிம்பை ஒட்டியே அது செல்கிறது. முதன்மைப் பாதை மட்டும் சுமார் 900 கிலோமீற்றர். கிளைப்பாதைகள் இன்னும் 400 கிலோமீற்றருக்கு மேல். ஹமில்ட்டன் உருக்காலை ஒன்றில் வேலை செய்த றே லோஸ் என்பவர் இதைப் பற்றிப் பேசத் தொடங்க, 1960இல் நான்கு பேர் கொண்ட ஒரு குழு கூடியது. அவர்களுள் ஒருவரான பிலிப் கோஸ்லிங் பாதை போகவேண்டிய இடங்களிலெல்லாம் பண்ணை வீடுகளின் கதவைத் தட்டி அனுமதி கேட்கும் வேலையை முன்னின்று நடத்தினார். கனடாவின் நூற்றாண்டு ஆண்டான 1967இல் பாதை முறைப்படி திறக்கப்பட்டது. இன்று ஒன்பது கழகங்கள் அதைத் துண்டு துண்டாகப் பகிர்ந்து பராமரிக்கின்றன. ரொறன்ரோக் கழகத்தின் துண்டு, எங்கள் வீட்டிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில், ஹால்ற்றன் பகுதியின் லைம்ஹவுஸ், சில்வர் கிரீக், டெரா கொற்றா ஆகிய இடங்களின் வழியே போகிறது.

அந்தக் கதவு தட்டிய செய்திதான் என்னை முதலில் நிறுத்தி யோசிக்க வைத்தது. நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவன். எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் நிலத்தின் அளவுக்கும் எல்லைக்கும் அடுத்தபடியாகக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். யார் எந்தப் பக்கத்தால் போகலாம், யாருடைய தண்ணீர் யாருடைய காணிக்குள்ளால் ஓடலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தும், ஒரு வேலிக் கதியால் நாலு விரற்கடை தள்ளி நடப்பட்டுவிட்டதென்று சகோதரர்கள் யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இங்கேயோ, இத்தனை நீளமான பாதையின் கணிசமான பகுதி தனியார் நிலங்களின் வழியே, எந்த உறுதியும் இல்லாமல், ஒருகாலத்தில் ஒரு விவசாயி கைகுலுக்கிச் சொன்ன சம்மதத்தின் பேரில் கிடக்கிறது. வேலிகளைத் தாண்டுவதற்கு இருபுறமும் படி வைத்த மரக் கடப்புகளைத் தன்னார்வலர்களே கட்டியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அந்நியர்கள் அந்தக் கடப்புகளில் ஏறி, பிறருடைய சோளக் கொல்லையின் ஓரத்தால் நடந்து போகிறார்கள்.

இந்தத் தாராளத்துக்குச் சட்டமும் ஒரு துணை என்பதைப் பிறகு அறிந்தேன். ஒன்ராறியோவின் நில உடைமையாளர் பொறுப்புச் சட்டத்தின்படி, குறியிடப்பட்ட இத்தகைய பாதைகளில் கட்டணமின்றி நடப்பவர் அதன் ஆபத்துகளைத் தாமே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். காணிக்காரர் வேண்டுமென்றே தீங்கு செய்தாலோ, முற்றிலும் பொறுப்பற்று நடந்துகொண்டாலோ ஒழிய, தடுக்கி விழுந்தவர் அவர் மீது வழக்குப் போட்டு வெல்வது கடினம். மனிதர்களின் நல்ல மனத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை; நல்ல மனம் நிலைத்து நிற்க, அஞ்ச வேண்டியவை குறைவாக இருப்பதும் தேவைப்படுகிறது என்றே நினைக்கிறேன்.

வேலையைப் பொறுத்தவரை, பாதையின் பெரிய எதிரி நீர். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் உறைபனி உருகும்போது, மேல் மண் இளகியும் அடிமண் இன்னும் உறைந்தும் கிடப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியின்றிப் பாதை வழியாகவே ஓடத் தொடங்கிவிடும். ஒரு பருவம் அப்படி ஓட விட்டால் பாதை வாய்க்காலாகிவிடும். நடப்பவர்கள் சேற்றைத் தவிர்த்து ஓரத்தால் போக, ஓரடி அகலப் பாதை பத்தடி அகலச் சகதியாகி, அங்கே முளைத்த டிரில்லியம் பூச்செடிகளெல்லாம் மிதிபட்டுப் போகும். ஆகவே, பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லோ மரக்கட்டையோ பதித்து, சரிவின் கீழ்ப்பக்கமாக நீரைத் திருப்பி விடுகிறோம். அதன் வாயில் சேரும் இலைகளையும் வண்டலையும் ஒவ்வொரு வசந்தத்திலும் அள்ளி எறிய வேண்டும். என் அம்மப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு நாளில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிய பழக்கம், இத்தனை ஆண்டுகள் அலுவலக நாற்காலியில் கழித்த பின்னும், கையில் மிச்சம் இருந்தது. எந்த இடத்தில் ஒரு கை மண்ணை எடுத்தால் நீர் தானாகத் திரும்பும் என்பது எனக்குச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. மண்வெட்டியின் வடிவம்தான் பழகவில்லை. இங்குள்ளவை காலால் மிதித்து இறக்குபவை, நம்முடையவை குனிந்து இழுப்பவை.

கால்களால் நேரும் அழிவை நம்பாதவர்கள் கலடனுக்கு அருகேயுள்ள செல்ற்றனம் செம்மண் மேடுகளைப் போய்ப் பார்க்கலாம். செந்நிறக் களிப்பாறை வெறுமையாகத் தெரியும் அந்த அழகிய இடத்தில் படம் எடுக்கக் கூட்டம் ஏறி ஏறி, பாறை கரைந்து போகத் தொடங்கியதால் 2015இல் அது மூடப்பட்டது. பலகை நடைமேடை அமைத்த பிறகே, 2018இல், ஓரமாக நின்று பார்க்கும்படி மீண்டும் திறந்தார்கள். சேறு வந்தால் சுற்றிப் போகாதீர்கள், நடுவால் நடந்து சப்பாத்தை நனைத்துக்கொள்ளுங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் நாங்கள் கெஞ்சுவது இதனால்தான். வெள்ளைச் சப்பாத்தோடு வரும் நம் இளைஞர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

அடுத்த வேலை மரங்கள். ஆசியாவிலிருந்து வந்த மரகத நிறத் துளைவண்டு 2002இல் ஒன்ராறியோவில் கண்டறியப்பட்ட பின்னர், இப்பகுதியின் ஆஷ் மரங்களை ஏறக்குறைய முழுவதுமாகக் கொன்றுவிட்டது. பட்ட ஆஷ் விரைவில் நொறுங்கும் தன்மையடைவதால், காற்றில்லாத நாளிலும் அதன் கொப்பு முறிந்து விழும். 2022 மே 21 அன்று தென் ஒன்ராறியோவைக் கடந்த கடும் புயற்காற்று போன்றவை வரும்போது பாதைகள் முழுவதும் மரங்கள் குறுக்கே விழுந்து கிடக்கும். இயந்திர வாளைத் தொடும் உரிமை பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர்களுக்கு மட்டும். தலைக்கவசமும் கால்காப்பும் இல்லாமல் அவர்களும் தொட மாட்டார்கள், தனியாகவும் போக மாட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கைவாளும் கிளை வெட்டும் கத்தரியும் அலவாங்கும்தான். விழுந்த மரத்தை முழுவதும் அகற்றுவதும் இல்லை. ஆள் போகுமளவு வெட்டிவிட்டு, மீதியை அப்படியே உக்க விடுகிறோம். காடு துப்புரவாக இருக்க வேண்டும் என்ற என் எண்ணம் மாறுவதற்குச் சில காலம் எடுத்தது.

குழுவில் பெரும்பாலானோர் ஓய்வு பெற்றவர்கள். எழுபதைத் தாண்டிய பெண் ஒருவர் எங்களில் எவரையும்விட வேகமாக ஏறுவார். எல்லோரும் எல்லோரையும் முதற்பெயரால்தான் அழைக்கிறார்கள். என் மகனும் அங்குள்ள முதியவர் ஒருவரை அவ்வாறே அழைத்தபோது, அன்று மாலை காரில் அவனோடு சிறு வாக்குவாதம் நடந்தது. ‘அப்பா, அவரை அங்கிள் என்று கூப்பிட்டால் அவர் திரும்பியே பார்க்க மாட்டார்,’ என்றான். இலங்கையில் சிரமதானம் எனப்படும் கூட்டுப் பொதுப்பணி என்றால் தேநீரும் ஒலிபெருக்கியும் ஒரு பேச்சாளரும் இருப்பார்கள். இங்கே பேச்சு மிகக் குறைவு. வேலை தொடங்குமுன், இந்த நிலம் கிரெடிற் ஆற்றுப் பகுதிப் பூர்வகுடிகளான மிஸிஸாகா மக்களுக்குரியதாக இருந்ததையும், 1818ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க ஒப்பந்தத்தின் மூலம் அது கைமாறியதையும் சில வேளைகளில் ஒருவர் நினைவுகூருவார். நிலத்தை விட்டு வந்தவன் என்ற முறையில் அந்தச் சில வரிகளை என்னால் சடங்காகக் கேட்க முடிவதில்லை. காணியை இழந்தோருக்கு நினைவுகூரல் எவ்வளவு சிறிய ஈடு என்பதையும் நான் அறிவேன்.

உண்ணிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்புவதால் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வீடு திரும்பியதும் உடம்பைத் தேடிப் பார்ப்பது கட்டாயம். மூன்றிலைக் கொத்தாக வளரும், தோலில் அரிப்பு உண்டாக்கும் பாய்சன் ஐவியைத் தொடவே கூடாது. சப்பாத்து அடியில் ஒட்டி வரும் விதைகளால் பூண்டுக் கடுகு என்ற களை காடெங்கும் பரவுகிறது. அதனால் உள்ளே போகுமுன்னும் வெளியே வந்த பின்னும் சப்பாத்தைத் தூரிகையால் தேய்க்கிறோம்.

பாதையைக் காட்டுவது வெள்ளைக் குறிகள். மரத்தண்டில், கண்மட்டத்தில், ஒரு சாண் உயரம்கூட இல்லாத செவ்வகமாக வெள்ளைப் பூச்சு, கிளைப்பாதைக்கு நீலம். திருப்பம் வரும் இடத்தில் இரண்டு குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், மேலுள்ளது எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு குறியில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும், அதற்கடுத்தது தெரிந்து குழப்பக் கூடாது. இருபுறமும் நடந்து பார்த்துப் பூச வேண்டிய, பார்ப்பதற்கு எளிய, உண்மையில் நுணுக்கமான வேலை அது.

அந்தக் குறிகளை அழிக்கும் வேலையும் எனக்கு வாய்த்தது. எங்கள் துண்டில் ஒரு பண்ணை விற்கப்பட்டது; வாங்கியவர் பாதை வேண்டாம் என்றார். பழையவரின் சம்மதம் பழையவரோடு முடிந்தது. வாங்கியவரைக் குறைகூறி நான் ஏதோ சொல்லத் தொடங்க, குழுத்தலைவர் மிக அமைதியாக, அது அவருடைய நிலம் என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே நாங்கள் போய், கடப்புகளைக் கழற்றி, வெள்ளைக் குறிகளின் மேல் மரப்பட்டையின் சாம்பல் நிறத்தைப் பூசி, பாதையைத் தற்காலிகமாகத் தெருவோரத்துக்கு மாற்றினோம். இத்தகைய இழப்புகளைத் தவிர்க்கத்தான் புரூஸ் ட்ரெயில் பாதுகாப்பு அமைப்பு நன்கொடை திரட்டி நிலத்தையே வாங்கிப் பாதையை நிரந்தரமாக்கி வருகிறது. அது சரியான வழிதான். எனினும், வேண்டாம் என்ற சொல்லுக்கு அன்று கிடைத்த மதிப்பினால்தான் மற்ற இடங்களில் சரி என்ற சொல் இன்னமும் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தெருவோரத்தில் கிடந்த அந்தப் பாதைக்கு அயலிலுள்ள இன்னொரு காணிக்காரர் தம் காட்டின் பின்புறத்தைக் கொடுத்தார். அவரைச் சந்திக்கப் போன மூவரில் நானும் ஒருவன். அவர் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, சீடர் மரங்கள் உள்ள ஈரப் பள்ளத்தைத் தொடாமல் மேட்டால் போகும்படி விரலால் காட்டினார். ஒரே நிபந்தனை, நவம்பரில் மான் வேட்டைக் காலத்தில் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது. எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. புதிய கடப்புக்குரிய பலகைகளை வாகனம் போகாத இடத்தில் தோளில் சுமந்துதான் கொண்டு சேர்த்தோம். மூடல் அறிவிப்பை ஒக்ரோபர் கடைசியில் இரு முனைகளிலும் கட்டுவதும், வேட்டை முடிந்ததும் அவிழ்ப்பதும் இப்போது என் பொறுப்பு.