வெள்ளச்சியின் இரத்தத்துக்காக நாலு பயணம்

முடிவு கைக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. எங்கள் பூனை வெள்ளச்சிக்குச் சிறுநீரக வருத்தம். மாங்குளத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து நாலு தரம் அலைந்துதான் இதை அறிந்தோம். வயசான பூனை வைத்திருக்கும் வன்னிச் சனத்துக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஆவணி பிறந்ததிலிருந்து அவள் தண்ணீர் குடித்த விதமே சரியில்லை. கோழிக்கு வைத்த சட்டியில் வாய் வைத்தால் எழும்பமாட்டாள். தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. கேட்ட எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "வயசு போச்சுது பிள்ளை, பூனை எண்டால் பத்து வருசம்தானே." நானும் அதை நம்பி ஒன்றரை மாதத்தை விட்டுவிட்டேன். அதுதான் இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது. வீட்டோடு வளரும் பூனை 15 வயது தாண்டுவது அதிசயமே இல்லை. டெக்சாஸில் கிரீம் பஃப் என்ற பூனை 1967இல் பிறந்து 2005 வரை, 38 வருடம் இருந்திருக்கிறது.

முதல் பயணம் வெறும் அலைச்சல். கூடையைக் கண்டதும் பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தால், மேசையில் இருந்தவர் நிமிர்ந்தும் பாராமல் "மாடோ, ஆடோ?" என்றார். பூனை என்றதும் பேனையை மூடிவிட்டார்.

"டொக்டர் மாடுகளுக்கு ஊசி போட வெளியில போயிட்டார். நாளைக்கு வந்து பாருங்கோ."

"நாளைக்குக் கட்டாயம் நிற்பாரோ ஐயா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

மாட்டுக்கு முதலிடம் என்பது எனக்கும் விளங்கும், எங்கள் பட்டியிலும் பசு நிற்கிறது. ஆனால் கூப்பிட்டுக் கேட்க ஒரு தொலைபேசி இலக்கமாவது தந்திருக்கலாம். திரும்பி வரும்போது நல்ல வெயில். வெள்ளச்சி நாய் மாதிரி வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கினாள். பூனை அப்படி இளைத்தால் விளையாட்டில்லை. நிழலில் ஓட்டோவை நிறுத்தி, ஈரத்துணியால் காதையும் பாதங்களையும் துடைத்துத்தான் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு எல்லாப் பயணத்துக்கும் விடிய ஐந்தரைக்கே வெளிக்கிட்டோம்.

அன்றைக்கே இன்னொரு கண்டமும் தப்பியது. வழியில் ஒரு மருந்துக்கடையில், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் பாணியில் கொஞ்சம் பருக்கச் சொன்னார்கள். வாங்கிவிட்டேன், ஏனோ கொடுக்க மனம் வரவில்லை. பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைக்க முடியாது, இரத்தம் ஒட்சிசன் காவும் வலுவை இழந்துவிடும், ஒரு மாத்திரையே கொல்லப் போதும் என்று பிறகு டொக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் முறை டொக்டர் இருந்தார், பொறுமையான பெண். முதல் கேள்வி வயது. யார் எழுதி வைத்தோம்? அப்புறம்தான் அந்தப் படம் நினைவு வந்தது. 2013இல் வீட்டுத்திட்டத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது எடுத்த படத்தில், கல்லுக்கு மேல் குட்டியாக வெள்ளச்சி இருக்கிறாள். ஆக 12 வயது. முதல் வருடத்துக்கு 15, இரண்டாவது முடிய 24, பிறகு வருடத்துக்கு நாலு என்று கணக்குப் பார்த்து, மனிசருக்கு 64 மாதிரி என்றார். அடுத்த கேள்வி: "ஆறு மாதத்துக்கு முதல் எவ்வளவு நிறை?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பூனைக்குப் பத்து வயது தாண்டினால் மாதம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். அரிசிக் கடைத் தராசு போதும்.

இரத்தம் எடுத்தார்கள். ஆய்வுகூடத்துக்கு நாங்களே கொண்டுபோக வேண்டும். வெறும் பையில் வைத்துக் கொண்டுபோனேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் அழைப்பு வந்தது: சூட்டில் இரத்தம் உடைந்துவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும். மெலிந்து கிடக்கும் உயிருக்கு இன்னொரு ஊசி. அன்றிரவு அழுதுவிட்டேன்.

மூன்றாம் முறை ஐஸ்கிறீம் பெட்டியில் ஐஸ் வைத்து, குழாய் ஐஸில் நேரே படாமல் துணி சுற்றிக் கொண்டுபோனேன். சிறுநீரும் கேட்டிருந்தார்கள். மணல் உறிஞ்சிவிடும் என்பதால் சின்னச் சல்லிக்கல்லைக் கழுவிக் காயவைத்து பேசினில் பரப்பினேன். விடியற்காலையில் அதில் ஒன்றுக்கு இருந்துவிட்டாள். சிறிஞ்சால் இழுத்தெடுத்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

நாலாவது பயணத்தில் முடிவு. சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கிரியற்றினின் என்ற கழிவின் அளவு கூடியிருந்தது, சிறுநீர் தண்ணீர் மாதிரி. சிறுநீரகத்தின் முக்கால்வாசி வலு போன பிறகுதான் கிரியற்றினின் ஏறுமாம், போனது திரும்பாது. சிறுநீரைச் செறிவாக்க முடியாமல் தண்ணீராகவே வெளியே விடுவதால்தான் அந்தத் தாகம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியையும் பார்க்க வேண்டும் என்றார். இவள் சாப்பாட்டையும் குறைத்திருந்தாள்.

இப்போது கருவாடு இல்லை. முள்ளும் தலையும் நீக்கி, உப்பில்லாமல் அவித்த மீன் சதை, அவித்த தண்ணீரோடு. வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்ச் சட்டி. தோலுக்கடியில் சேலைன் ஏற்றவும் டொக்டர் பழக்கிவிட்டார். முதல் நாள் ஊசி தோலை ஊடுருவி மறுபக்கம் வந்து என் சட்டையெல்லாம் நனைந்தது. இப்போது அவள் மடியில் படுத்திருக்கும்போதே முடித்துவிடுகிறேன்.

போன ஞாயிறு தராசில் 2 கிலோ 800. இன்றைக்கு 2 கிலோ 850. கொப்பியில் எழுதிவிட்டேன்.