இரண்டு அளவுகள் ஒத்துப்போகாதபோது

இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு வரும் புது இன்ஜினியர்கள் பெரும்பாலும் ஒரே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சரியான அளவு உண்டு, நல்ல கருவி கையில் இருந்தால் அது தெரிந்துவிடும் என்று. படித்த பாடம் அப்படிப் பழக்கியிருக்கிறது. பரீட்சைக் கணக்கில் விட்டம் 25 மி.மீ. என்று கொடுத்துவிடுவார்கள். அந்த 25 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. பட்டறையில் பாதி வேலை அந்தக் கேள்விதான்.

ட்ராயிங்கில் வெறும் 25 இருக்காது. 25 எச்7 என்று இருக்கும். துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை எங்கே நின்றாலும் ஏற்கலாம் என்று பொருள். அதில் உட்காரும் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, ஜி6 என்றால் 24.980 முதல் 24.993 வரை. துளை சிறிதாகவும் ஷாஃப்ட் பெரிதாகவும் அமைந்தால்கூட 7 மைக்ரான், அதாவது 0.007 மி.மீ., இடைவெளி மிஞ்சும். நேரெதிராக அமைந்தால் 41 மைக்ரான். சுழல இடம் வேண்டும், ஆட்டமும் கூடாது என்று யோசித்து ஒரு டிசைனர் எடுத்த முடிவு அது. செய்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே இரண்டு பாகங்களும் பொருந்திவிடுகின்றன. இந்தத் தொழிலில் எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிவது இதுதான்.

பிரச்சினை வருவது அளக்கும்போது. ஒருமுறை 300 மி.மீ. நீள அலுமினிய பாகம் ஒன்று. டாலரன்ஸ், அதாவது ஏற்கக்கூடிய வித்தியாசம், கூட்டலும் கழித்தலும் 0.05. மெஷினில் நின்ற ஆபரேட்டர் 300.00 என்று எழுதியிருந்தார். எங்கள் அறையில் அளந்த இளைஞருக்கு 299.93 வந்தது. ரிஜெக்ட். “சார், நான் ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் அனுப்பினேன்” என்றார் ஆபரேட்டர். அவர் அனுபவசாலி, கை நிதானமானவர். இளைஞரும் கவனமாகத்தான் அளந்திருந்தார். இரண்டு பேரும் அடுத்தவர் கருவியைச் சந்தேகித்தார்கள்.

கருவிகளில் குறை இல்லை. ஆபரேட்டர் அளந்தபோது பாகம் வெட்டின சூட்டோடு இருந்தது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு, ஏறக்குறைய 23 மைக்ரான் நீளும். 300 மி.மீ.க்கு 10 டிகிரி கூடினாலே 69 மைக்ரான். இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ட்ராயிங்கில் போடும் அளவு 20 டிகிரியில் உள்ள அளவு என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. பாகம் ஆறிய பிறகு குறைவுதான், ரிஜெக்ட்தான். ஆனால் ஆபரேட்டர் படித்த எண்ணும் பொய்யில்லை. அதை அவரிடம் நேரில் சொன்னது முக்கியம் என்று நினைக்கிறேன். அப்புறம் ஆறவைத்து அளப்பதற்கு மெஷின் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டோம்.

பொருளைத் தாடைகளுக்கு நடுவே பிடித்து அளக்கும் வெர்னியரிலும் இதே மாதிரி சண்டை வரும். அளக்கும் பொருள் ஒரு கோட்டில் இருக்கிறது, ஸ்கேல் வேறொரு கோட்டில் இருக்கிறது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தாடை சாயும், எண் மாறும். அளக்கும் கோடும் ஸ்கேலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அப்பே 1890-இல் எழுதினார். மைக்ரோமீட்டர் என்ற திருகு அளவி அப்படித்தான் அமைந்திருக்கிறது, அதனால் கைக்குக் கை அவ்வளவு மாறாது.

எண்கள் ஒத்துப்போகாதபோது “நல்ல கருவி சொல்வதை எடுத்துக்கொள்வோம்” என்று முடிப்பது மிகவும் இயல்பு. அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஹபிள் தொலைநோக்கியை நான் எப்போதும் சொல்வேன். அதன் 2.4 மீட்டர் கண்ணாடியைத் தேய்க்கும்போது வழிகாட்டிய சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி மிக நுட்பமாக, ஆனால் தவறான வடிவத்துக்குத் தேய்க்கப்பட்டது. விளிம்பில் பிழை ஏறக்குறைய 2 மைக்ரான்தான். இதில் என்னை உறுத்துவது லென்ஸ் தள்ளிப்போனது அல்ல. வேறு இரண்டு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று சொல்லி அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். 1990-இல் மேலே போன பிறகு படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தினார்கள்.

துல்லியம் குறைந்த கருவி மைக்ரானைத் தவறவிடலாம். பெரிய தவறை அது பார்த்துவிடும். வெறும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒருமுறை சரிபார்ப்பதை எங்கள் பிரிவில் யாரும் கேவலமாக நினைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, இதெல்லாம் நேரம் இருக்கும்போது எளிது. வண்டி வாசலில் நிற்கும்போது, ஒரு எண் டாலரன்ஸுக்கு உள்ளே இன்னொரு எண் வெளியே என்றால், உள்ளே இருப்பதை எழுதச் சொல்லும் குரல் எல்லா இடத்திலும் உண்டு. கையெழுத்து என்னுடையது. டிசைனரைக் கேட்டு அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அனுப்பலாம், அதற்கு முறை இருக்கிறது. வசதியான எண்ணைத் தேர்ந்தெடுக்க முறை கிடையாது.

எங்கள் ரிப்போர்ட்டில் அளவுக்குப் பக்கத்தில் வெப்பநிலை, கருவி எண், அளந்தவர் பெயர் மூன்றும் வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதை நிரப்பிக்கொண்டே கேட்டார்: “இந்த மைக்ரோமீட்டரை எதை வெச்சு சரிபாத்தாங்க?” ஸ்லிப் கேஜ், அதாவது நீளம் துல்லியமாகத் தெரிந்த உலோகக் கட்டை, வைத்து என்றேன். “அந்த ஸ்லிப் கேஜை?” அதன் கேலிபரேஷன் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேலே இன்னொரு ஆய்வகம், அதற்கும் மேலே தேசிய அளவியல் நிறுவனம், கடைசியில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம்தான் மீட்டர் என்ற 1983-ஆம் ஆண்டு வரையறை. சான்றிதழில் ஒவ்வொரு அளவுக்கும் எதிரே கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு சிறிய எண் இருந்தது, அந்த அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று சொல்லும் எண். அதைச் சுட்டிக்காட்டி, நம் ரிப்போர்ட்டிலும் ஏன் இது இல்லை என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து சேர்த்துவிட்டோம்.