ஏறாத ட்ரெயினுக்காக ஆல்டர்ஷாட்ல நிக்கிறவன்

கனடா வந்து இறங்குனா என்னென்ன செய்யணும்னு சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்காங்க, வேலைக்கு வேண்டிய சின் நம்பர் எடு, பேங்க் அக்கவுண்ட் தொற, கிரெடிட் ஸ்கோர ஏத்து, பூட்ஸ்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதன்னு. ஆனா வேலை தேடிக்கிட்டு இருக்கிற அந்த மாசங்கள்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க போய் நிக்கிறதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. மால்ல எவ்ளோ நேரம் சுத்துறது, லைப்ரரி கதகதன்னு இருக்கும் தூக்கம் வந்துரும், ரூம்லயே கெடந்தா மண்டை காயும். நான் போய் நின்ன எடம் டொராண்டோ ஸ்கார்பரோல இருக்கிற கில்ட்வுட் ஸ்டேஷன்.

கில்ட்வுட்ல பச்சை வெள்ளை கலர் கோ ட்ரெயினும் நிக்கும், அது ஒண்டாரியோ மாகாண அரசோட பக்கத்து ஊர் ரயில், மாண்ட்ரியல் ஒட்டாவா போற வியா ரயிலும் நிக்கும். கோ வண்டி எல்லாம் ரெண்டு மாடி, பெரும்பாலும் தண்டர் பே ஃபேக்டரில செஞ்சது. வியா வந்து மத்திய அரசோட கம்பெனி, 1977ல ஆரம்பிச்சது, ஆனா அது ஓடுற தண்டவாளத்துல பெரும்பகுதி அதுக்கு சொந்தமில்ல, சிஎன்னோடது. சிஎன் சரக்கு கம்பெனி, அதனால பயணிகள் வண்டி அடுத்தவன் வீட்டு வாசல் வழியா போற மாதிரி கொஞ்சம் ஒதுங்கித்தான் போகணும். ரயில்னாலே அரசாங்கம்னு பழகுன நமக்கு இது மண்டைக்குள்ள ஏற ரொம்ப நாள் ஆகும். இந்த நாட்டுல யாருக்கு எது சொந்தம், மாகாணம் எது மத்தி எதுன்னு நான் புரிஞ்சிக்கிட்டதே ரயில வச்சுத்தான், குடியுரிமை பரிச்சைக்கு படிக்கிற புக்கெல்லாம் அப்புறம் வந்தது.

அந்த பிளாட்ஃபார்ம்லதான் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் என்னைப் பாத்துட்டு நின்னார். "தம்பி, பிள்ளையள் ஆரும் வருகினமோ, கனநேரமா நிக்கிறீங்கள்?" இல்லண்ணே, ட்ரெயின் பாக்க வந்தேன்னேன். "பாக்கவோ? ஏறுறதுக்கில்லையோ?" சும்மா பாக்கத்தாண்ணே. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு "சரி, அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போகாதேங்கோ, கடுகதி வந்தா காத்தே இழுத்துப்போடும்"னு சொல்லிட்டுப் போனார். அப்புறம் அடிக்கடி பாத்துப்போம், கடைசி வரைக்கும் அவருக்கு நம்பிக்கை வரல, இவன் யாரோ ஒரு பொண்ணுக்காகத்தான் நிக்கிறான்னு முடிவு பண்ணிட்டார்னு நெனைக்கிறேன்.

நான் வந்தது 2021 கடைசி. வியாவோட புது ட்ரெயின் செட் கனடாக்குள்ள முதல் முதலா வந்ததும் அதே இலையுதிர் காலத்துலதான். 2018 டிசம்பர்ல சீமென்ஸ் கூட ஒப்பந்தம் போட்டாங்க, 32 செட், 989 மில்லியன் டாலர். கலிஃபோர்னியால சாக்ரமெண்டோ ஃபேக்டரில செய்யறாங்க. ஒரு செட்டுன்னா சார்ஜர்ங்கிற மாடல் இன்ஜின் ஒண்ணு, அஞ்சு கோச், கடைசி கோச்சுலயும் டிரைவர் கேபின் இருக்கும், அதனால கடைசி ஸ்டேஷன்ல வண்டிய திருப்ப வேண்டிய வேலையே இல்ல. மஞ்சள் மூஞ்சி, இன்ஜின் நம்பர் எல்லாம் 2200ல ஆரம்பிக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் போற மாதிரி டிசைன், ஆனா இங்க இருக்கிற லைன்ல 160தான். பயணிகளோட ஓட ஆரம்பிச்சது 2022 நவம்பர்ல. ஆக ஒரு வருஷத்துக்கு அது சோதனையிலயே இருந்துச்சு, நானும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

புது செட்ட சாதாரணமா ஓடும்போது பாக்கிறது வேற, ஃபேக்டரிலருந்து டெலிவரில வரும்போது பாக்கிறது வேற. டெலிவரிக்கு டைம்டேபிள் கிடையாது. பாதிக் கண்டத்தத் தாண்டி வரணும், சிகாகோ பக்கத்துலருந்து சிஎன் லைன்ல வந்தா போர்ட் ஹ்யூரானுக்கும் சார்னியாவுக்கும் நடுவுல செயின்ட் கிளேர் ஆத்துக்கு அடியில 1995ல தொறந்த டன்னல் இருக்கு, அது வழியா கனடாக்குள்ள நுழையும். அதுக்கப்புறம் எந்த நேரத்துல எங்க நிக்கும்னு கண்ட்ரோலருக்குத்தான் வெளிச்சம். வழில இருக்கிறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லி, லண்டன் தாண்டிருச்சு பிராண்ட்ஃபோர்ட் தாண்டிருச்சுன்னு மெசேஜ் வரும், இங்க லண்டன்னா ஒண்டாரியோ லண்டன், முதல் தடவை கேட்டப்ப ஒரு நிமிஷம் கிறுகிறுத்துப் போச்சு.

இதுக்கு கில்ட்வுட் சரிப்படாது. சரக்கு லைன் பிக்கரிங்லயே பிரிஞ்சு டொராண்டோவுக்கு வடக்கால சுத்திப் போயிரும், சிஎன் இழுத்துட்டு வர்ற எதுவும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கார் இல்லாதவனுக்கு நான் சொல்றது பர்லிங்டன்ல இருக்கிற ஆல்டர்ஷாட் ஸ்டேஷன். லேக்ஷோர் வெஸ்ட் கோ ட்ரெயின்ல ஏறினா நேரா அங்கயே இறங்கிடலாம். அதுக்கு மேற்கால பேவ்யூ ஜங்ஷன், ஹாமில்டன் பக்கத்து லைனும் டண்டாஸ் மேட்டுலருந்து வர்ற லைனும் சேர்ற எடம், ரயில் பைத்தியங்களுக்கு அது கோயில். சரக்கு, வியா, கோ எல்லாமே ஆல்டர்ஷாட் பிளாட்ஃபார்ம் முன்னாடி போய்த்தான் ஆகணும், கழிவறை இருக்கு, கூரை இருக்கு, யாரும் உன்ன ஏன் இங்க நிக்கிறேன்னு கேக்க மாட்டாங்க.

அங்கதான் மடக்கு சேரோட வர்ற ரிட்டையர்டு ஆளுங்களப் பழகினேன். தெர்மாஸ், ரயில்காரங்க பேசுறத கேக்கிற ஸ்கேனர் ரேடியோ, மடில ஒரு நோட்டு, ஒவ்வொரு இன்ஜின் நம்பரும் பால்பாயிண்ட்ல. இந்த நாட்டுல நான் யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் முதல் கேள்வி எந்த நாடு, ரெண்டாவது கேள்வி குளிர் எப்படி தாங்குது. இவங்க முதல்ல கேட்டது "இன்னிக்கு என்ன மாட்டுச்சு?" அவ்ளோதான். நான் காலையில பாத்த இன்ஜின் நம்பர சொன்னேன், ஒருத்தர் நோட்ட பொரட்டி அது போன வாரம் எங்க இருந்துச்சுன்னு சொன்னார், முடிஞ்சுது அறிமுகம். என் பேரக் கேக்கவே ரொம்ப நாள் ஆச்சு அவங்களுக்கு. இது மரியாதைக்குறைவுன்னு யாராவது சொன்னா சொல்லட்டும், எனக்கு அந்த முதல் குளிர்காலத்துல அதைவிட பெரிய மரியாதை கெடைக்கல. இன்டர்வியூல வாய் வராத எனக்கு இங்கிலீஷ் சரளமானதும் அங்கதான், ஏன்னா இன்ஜின் பத்தி பேசும்போது இலக்கணம் ஞாபகமே வராது.

ஸ்கேனர் கேக்க பழகணும், அது ஒரு தனி சுகம். லைன் ஓரத்துல அங்கங்க டிடெக்டர் இருக்கும், வண்டி தாண்டினதும் சக்கரம் பேரிங் சூடாகிருக்கான்னு பாத்துட்டு ரோபோ குரல்ல மைல் நம்பரும் அலாரம் இல்லன்னும் ரேடியோல சொல்லும், சிலது எத்தன ஆக்சில், அதாவது சக்கர அச்சுன்னு எண்ணியும் சொல்லும். ஆமா, நாடே கிலோமீட்டர்ல ஓடும்போது ரயில் மட்டும் இன்னும் மைல்லதான். டிடெக்டர் பேசுன மைல வச்சு இன்னும் எத்தன நிமிஷத்துல நம்மகிட்ட வரும்னு கணக்கு போடலாம்.

அப்படி ஒரு நாள் சாயந்திரம் சிஎன் இன்ஜின் ஒண்ணு பின்னாடி கோச்சுகளோட மெதுவா வந்துச்சு. உள்ள லைட் இல்ல, ஆள் இல்ல, ஜன்னல் எல்லாம் கருப்பு, வழியெல்லாம் பட்ட உப்பும் சேறும் மஞ்சள் பெயிண்ட் மேல அப்பிக் கெடக்கு. இன்னும் ஒருத்தன்கூட உக்காராத சீட்டு. ஃபோட்டோ நல்லாவே வரல, வெளிச்சம் பத்தல. பக்கத்துல இருந்தவர் நம்பர எழுதிட்டு தெர்மாஸ் மூடிய திருகினார், அவங்களுக்கு சந்தோஷம்னா அவ்ளோதான் வெளிய தெரியும்.

எல்லாமே இப்படி இனிமையா இருக்கும்னு சொல்ல மாட்டேன். வேற ஒரு ஊர்ல, ரோட்டுல நடைபாதைல நின்னு கேமரா வச்சிருந்தேன், ரயில்வே எடத்துக்குள்ள ஒரு அடி வைக்கல, யாரோ ஃபோன் பண்ணி சொல்லி ஆபீசர் ஒருத்தர் வந்தார். தன்மையாத்தான் பேசினார், ஆனா ஐடி கேட்டது என்கிட்ட மட்டும், பக்கத்துல அதே கேமராவோட நின்ன வெள்ளக்கார பெரியவர்கிட்ட இல்ல. ஏன்னு எனக்கும் தெரியும், அந்த பெரியவருக்கும் தெரியும், அவர் தானா முன்னால வந்து தன் ஐடியையும் நீட்டினார். அதுக்கப்புறம் நான் இன்னும் கறாரா இருக்கேன். லெவல் கிராசிங்னா ரோட்டோட விளிம்பு, ஸ்டேஷன்னா பிளாட்ஃபார்ம், வேலிக்கு அந்தப் பக்கம் கால் வைக்கிறது சட்டப்படியே குத்தம், ஆபத்தும்கூட, புது வண்டிங்க சத்தமே இல்லாம வரும், டொராண்டோ உள்ள பல கிராசிங்ல ஹாரனும் அடிக்க மாட்டாங்க. ஆரஞ்சு கலர் ஒளிரும் ஜாக்கெட் போட்டுட்டு போகாதீங்க, டிரைவர் நம்மள லைன்ல வேலை செய்யற ஆளுன்னு நெனச்சு குழம்புவார். கிராசிங் கம்பத்துல நீலக்கலர் போர்டு இருக்கும், அதுல அவசர ஃபோன் நம்பரும் அந்த எடத்தோட அடையாளமும் இருக்கும், முதல்ல அத ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஆக்சில் எண்ணிக்கைன்னு சொன்னேன்ல, அது பின்னாடி பெரிய விவகாரமே ஆச்சு. தண்டவாளத்துல லேசா கரண்ட் ஓடும், சக்கரம் ரெண்டு தண்டவாளத்தையும் இணைச்சு அத ஷார்ட் பண்ணாத்தான் வண்டி வந்திருக்குன்னு சிஸ்டத்துக்கு தெரியும், கேட்டு மூடும். துருவோ இலைச் சேறோ இருந்து தொடர்பு சரியா கெடைக்கலன்னா சிக்கல், நீள வண்டின்னா அத்தன சக்கரத்துல ஏதாவது ஒண்ணு பிடிச்சிரும். புது செட்டுல இன்ஜினையும் சேத்து ஆறு வண்டி, ஒண்ணுக்கு நாலு ஆக்சில், மொத்தம் 24தான். 2024 அக்டோபர்ல சிஎன் இந்த செட்டுங்களுக்கு கிராசிங்ல வேகக்கட்டுப்பாடு போட்டுச்சு, கேட்டு இறங்கிருக்கான்னு கண்ணால பாத்துட்டுத்தான் வேகமெடுக்கணும்னு. வண்டியெல்லாம் லேட்டாச்சு, வியா கோர்ட்டுக்கும் போச்சு. எங்க மடக்கு சேர் கூட்டம் இதுல ரெண்டா பிரிஞ்சு போச்சு, நான் பாதுகாப்பு பக்கம், ஆனா லேட்டான வண்டில மாட்டிக்கிட்ட அன்னிக்கு மட்டும் கட்சி மாறிட்டேன்.

இப்ப புது செட் சாதாரணமாயிருச்சு. வேலையும் கெடைச்சிருச்சு, மாண்ட்ரியல் போனா நானே அதுல ஏறித்தான் போறேன், சத்தம் கம்மி, சுத்தம், சீட்டு மட்டும் என் முதுகுக்கு கொஞ்சம் கெட்டி. மஞ்சள் மூஞ்சி வந்தா ஆல்டர்ஷாட்ல யாரும் கேமராவ எடுக்கிறதே இல்ல. எல்லாரும் இப்ப வியாவோட பழைய எல்ஆர்சி கோச்சுக்கு காத்து நிக்கிறாங்க, 1980கள்ல க்யூபெக்ல லா பொக்கத்தியேர்ல செஞ்சது, வளைவுல சாயற மாதிரி பண்ணி அப்புறம் அந்த சாயற வேலைய நிறுத்தி வச்சுட்டாங்க. இத்தன வருஷம் இந்த தகர டப்பா எப்ப ஒழியும்னு திட்டிட்டு இருந்த அதே ஆளுங்கதான் இன்னிக்கு அதுக்கு கண்ணு கலங்குறாங்க, எனக்கு அந்த பாசம் வரல, நான் அதுல குளிர்ல நடுங்கிட்டு போனவன். என் பார்வை டொராண்டோலருந்து வான்கூவர் வரைக்கும் 4466 கிலோமீட்டர் ஓடுற கனேடியன்ங்கிற வியா ரயில் மேல. அதுல இன்னும் 1950கள்ல வந்த, பட் (Budd) கம்பெனி செஞ்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கோச்சுதான், மாத்துறதுக்கு 2024 பட்ஜெட்ல மத்திய அரசு வழி பண்ணிருக்கு. புதுசு தண்டவாளத்துக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும், அதுக்குள்ள நானும் ஒரு மடக்கு சேர் வாங்கிடலாம்னு இருக்கேன், வீட்டுல இன்னும் சொல்லல.