‘உள்ளேன் ஐயா’ சொல்லும் கார்டுகள்

ஆபீஸ் ஐடி கார்டுக்குள் நம் பெயர், போட்டோ, சம்பளம் எல்லாம் ஏறியிருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அட்மின் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பெரும்பாலான கார்டுகளில் இருப்பது ஒரே ஒரு எண்தான். வகுப்பில் பேர் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ என்று பையன் குரல் கொடுப்பானே, அந்த மாதிரி ரீடர் கூப்பிட்டதும் கார்டு தன் எண்ணைச் சொல்லும். ரேடியோ அலை வழியாக இப்படி அடையாளம் சொல்லும் முறைக்குத்தான் ஆர்எஃப்ஐடி என்று பெயர். கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதைப் பின்னால் இருக்கும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்.

உள்ளே பேட்டரி கிடையாது. மெல்லிய கம்பிச் சுருள், அதோடு ஒரு பொடி சிப். ரீடரின் காந்தப் புலம் சுருளில் மின்சாரத்தை உண்டாக்க, சிப் அந்த நேரத்துக்கு மட்டும் விழித்துப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதனால்தான் கார்டை அவ்வளவு கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

ரேடியோ அலைவரிசையை வைத்துப் பார்த்தால், ஆபீஸ் கார்டுகளில் பரவலாக இருப்பவை இரண்டு ரகம்: 125 கிலோஹெர்ட்ஸ், 13.56 மெகாஹெர்ட்ஸ். உங்களுடையது எது என்று பார்க்க, போனில் என்எஃப்சியை (கிட்டே வைத்த கார்டைப் படிக்கும் வசதி) ஆன் செய்து கார்டைப் பின்பக்கம் வைத்துப் பாருங்கள். போன் ஏதாவது சத்தம் போட்டால் 13.56. எந்த அசைவும் இல்லையென்றால், அநேகமாகப் பழைய 125.

இந்தப் பழைய ரகம்தான் எனக்குப் பிடிக்காதது, ஏனென்றால் கேட்பது யார் என்றே பார்க்காமல் எந்த ரீடர் கேட்டாலும் எண்ணைச் சொல்லிவிடும், அதைக் காப்பி எடுக்கும் கருவியும் எழுதக்கூடிய வெற்றுக் கார்டும் ஆன்லைனிலேயே மலிவாகக் கிடைக்கின்றன. அப்புறம் என்ன, ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ்தான்! 13.56 என்றதும் நிம்மதியாகிவிடவும் முடியாது. உலகம் முழுக்கப் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் கார்டின் பூட்டை 2008லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள், இன்றைக்கும் அது பல கதவுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெயின் கேட்டுக்கு இந்தக் கார்டே பரவாயில்லை, செக்யூரிட்டி அண்ணன் முகத்தையும் பார்ப்பார். சர்வர் ரூமுக்கு மட்டும் டெஸ்ஃபயர் மாதிரி பூட்டு வலுவான கார்டு வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ரீடரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றதும் ஃபைல் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒரு சின்ன விஷயம்: பர்ஸில் மெட்ரோ பயணத்துக்கான சிங்காரச் சென்னை கார்டும் ஐடி கார்டும் ஒட்டி இருந்தால், 13.56 கார்டுகள் இரண்டும் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கும். சில ரீடர்கள் குழம்பிப் போய் எதையும் ஏற்காது. கார்டு ரிப்பேர் என்று எங்களிடம் வருவதற்கு முன் தனியாக எடுத்துக் காட்டிப் பாருங்கள்.

டோல் கட்டக் காரில் ஒட்டும் ஃபாஸ்டேக் வேறு ஜாதி. 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், யுஎச்எஃப் என்னும் உயர் அலைவரிசையில் வேலை செய்வதால் சில மீட்டர் தூரத்திலிருந்தே படிக்கலாம். அந்த ஸ்டிக்கரில் பணம் இல்லை, அதுவும் எண்தான். 2022ல் ஒரு பையன் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கைக்கடிகாரத்தால் பணத்தைத் திருடுவது போல ஒரு வீடியோ சுற்றியது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்தது. நாடகம். பதிவான டோல் பிளாசா போன்ற வணிகர்கள் வழியாக மட்டுமே பணம் கழியும், தனி ஆள் கணக்குக்குப் போகவே வழியில்லை.

ஆபீஸ் லேப்டாப், மானிட்டர்களிலும் இதே யுஎச்எஃப் ரக ஸ்டிக்கர்தான். உலோகத்தின் மேல் நேரடியாக ஒட்டினால் சாதாரண ஸ்டிக்கர் வாயே திறக்காது, அதற்கென்று அடியில் தடுப்பு வைத்த தடித்த டேக் இருக்கிறது, விலையும் கூட. ஆனால் ஆடிட் சமயத்தில் அந்தக் காசு திரும்பிவிடும். கையில் ரீடரோடு நடந்தாலே கணக்கு ஏறும், ஒவ்வொரு மெஷினையும் குனிந்து திருப்பிப் பார்க்க வேண்டாம். தொல்லை என்னவென்றால், மெல்லிய தடுப்புச் சுவர் என்றால் பக்கத்து ரூம் லேப்டாப்பையும் சேர்த்து எண்ணிவிடும். ரீடரின் பவரைக் குறைத்து வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

ஆர்எஃப்ஐடி தடுக்கும் பர்ஸ் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வங்கிக் கார்டுக்காக என்றால் வேண்டாம். பின் நம்பர் போடாமல் தட்டிச் செலவழிக்க 5,000 ரூபாய் உச்சவரம்பு இருக்கிறது, வங்கி ஆப்பிலேயே அந்த வசதியை அணைத்தும் வைக்கலாம். ஐடி கார்டு தொலைந்தால் மட்டும், வீட்டில் எங்காவது கிடக்கும் என்று நாலு நாள் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அட்மினுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். எண்ணை முடக்க அரை நிமிடம் போதும், கார்டு கிடைத்துவிட்டால் அதையே திரும்ப ஆன் செய்தும் தருவோம்.