குறட்டை, பிரஷர், தூக்கப் பரிசோதனை

இரண்டு மாத்திரை போட்டும் என் பிரஷர் 150-க்குக் கீழே இறங்கவே இல்லை. எடை 94 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 37. இந்தியர்களுக்கு 25-லிருந்தே உடல் பருமன் கணக்கு. மூன்றாவது மாத்திரை எழுதுவதற்கு முன் டாக்டர் டேப் எடுத்துக் கழுத்தை அளந்தார்: 42 செ.மீ. பிறகு என் வீட்டுக்காரரிடம், "ராத்திரி குறட்டை உண்டா?" என்றார். அவர் தயங்கித் தயங்கி, "குறட்டைகூடப் பரவாயில்லை சார், நடுவுல மூச்சே நின்னுடுது. நான்தான் தட்டி எழுப்புவேன்" என்றார்.

பெண்கள் குறட்டை விடுவதை வெளியில் சொல்ல நம் வீடுகளில் வாய் வராது. அந்தக் கூச்சத்தாலேயே எத்தனையோ பேருக்கு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஏப்னியா' என்கிற இந்த நோய் தெரியாமல் போகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

கழுத்தைச் சுற்றியும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்ததும் மூச்சுப் பாதை அடைபடும். ஆக்சிஜன் குறையும், மூளை பதறி எழுப்பும், பிரஷர் எகிறும். விடிய விடிய இதே கதை. ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதற்கும் இது ஒரு காரணமாம். நான் சர்க்கரையோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஸ்லீப் ஸ்டடி என்கிற தூக்கப் பரிசோதனைக்கு ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தங்கினேன். தலையில் பசை தடவி ஒயர்கள் ஒட்டினார்கள். மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் கிளிப், காலிலும் ஒயர். வலி கிடையாது. எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள், பசை நன்றாக ஒட்டும். ரிப்போர்ட்டில் மணிக்கு 46 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ இருந்தது. 5-க்குக் கீழே என்றால் சாதாரணம், 30-க்கு மேல் தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்து இவர் கண் கலங்கிவிட்டார்.

இதற்கு வைத்தியமாக, தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷினை முதலில் வாடகைக்கு எடுத்தோம். அது தரும் காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். கஷ்டமெல்லாம் மாஸ்க்கில்தான். மூக்கு மாஸ்க்கில் வாய் வழியாகக் காற்று போய் நாக்கு வறண்டது. வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறினேன். வாரை இறுக்கினால் மூக்குத் தண்டு புண்ணாகிறது. படுத்துக்கொண்டு, மெஷின் ஓடும்போதே வாரைச் சரிசெய்ய வேண்டும் என்று டெக்னீஷியன் காட்டிக்கொடுத்த பிறகுதான் கசிவு நின்றது. பகலில் டிவி பார்க்கும்போதும் மாட்டிப் பழகினேன். காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர், தினமும் மாற்ற வேண்டும்.

காலைத் தலைவலி போனது. மத்தியானம் கண் சொருகுவது நின்றதும் நடக்கத் தெம்பு வந்தது. எடையும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு மாத்திரையிலேயே பிரஷர் 130-க்கு வந்துவிட்டது. எடை குறைந்தாலும் மறுபடி பரிசோதித்துப் பார்க்காமல் மெஷினை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், தூக்கம் சரியில்லை என்று தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போட விடாதீர்கள். தொண்டை இன்னும் தளர்ந்துவிடும். எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுங்கள், மெஷினையும் கையோடு எடுத்துப் போங்கள்.